கிழமைக்கு மூன்று வசனம்

அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெயரை வாயில் வைக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இங்கிலிஷ் படிப்பித்த மெலிந்த மனிதர், எந்நாளும் வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் என்றால் தெரிந்தவர்களுக்குப் போதும். ஊரே அவரைச் 'சேர்' என்றது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

என்னுடைய போட்டோக்கொப்பிக் கடை கீழே. அவருடைய வகுப்பு அதே கட்டடத்தின் மேல்மாடியில். திங்கட்கிழமைகளில் கடை திறந்து மெஷின் சூடாவதற்குள் அந்தக் கிழமைக்குரிய பாடத் தாள்களோடு வந்து நிற்பார். நடுவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் தாள் புரட்டுவார். அந்த ஈர மூலையைப் பிடித்து நான் கண்ணாடியில் வைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பழைய துணி வைத்திருந்தேன். அவர் பார்க்கத் துடைப்பேன். ஆளுக்கு உறைக்காது. தான் எழுதிய வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, நண்டுக்கால் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் வைப்பார். பத்து வருடத்துக்கு மேலாகிறது, அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

இங்கிலிசில் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அப், அவுட், ஒஃப், டவுன், அவே என்கிற சின்னச் சொற்களை அவர் 'வால்' என்பார். உடம்பு ஒன்றுதான், வாலை மாற்றினால் மிருகமே மாறிப்போகும் என்பது அவருடைய முதல் பாடம். 'லுக்' என்றால் பார்ப்பது. 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரிப்பது, 'லுக் ஃபோர்' என்றால் தேடுவது, 'லுக் டவுன் ஒன்' என்றால் ஒருவரைக் கீழாக நினைப்பது. அதோடு நிற்கமாட்டார். வால் முளைத்த சொல்லுக்கும் கூட்டாளி உண்டாம். 'கிவ் அப்' என்கிற கைவிடுதல் நம்பிக்கையோடு சேரும், சிகரெட்டோடு சேரும், எல்லாவற்றோடும் சேராது. 'ப்ரேக் டவுன்' பழுதாகி நிற்பது. ஒரே சொல்லாக ஒட்டி எழுதினால் அதுவே பெயர்ச்சொல். 'வோன் அவுட்' என்றால் பாவித்துத் தேய்ந்தது. அதைச் சட்டைக்கும் சொல்லலாம், களைத்த மனிதருக்கும் சொல்லலாம், ஆனால் செருப்போடுதான் அதற்கு நல்ல சிநேகம் என்பார்.

பொய் சொல்லக்கூடாது, படிப்பிப்பதில் ஆள் விண்ணன். வெள்ளைக்காரரைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகுக்காரர்கள், கிண்ணியாவிலிருந்து வரும் வியாபாரிகள், ஹோட்டல் வேலைக்குப் போக இருந்த புல்மோட்டைப் பொடியன்கள் என்று அவரிடம் படித்து வாய் திறந்தவர்கள் கனபேர். எனக்கும் போட்டோக்கொப்பி வேலைக்குப் பதிலாக வகுப்பில் இருக்க ஒரு கதிரை தந்திருந்தார். கடையில் ஆள் இல்லாத நேரம் மேலே போய் இருப்பேன். இன்றைக்கு ஒரு வெள்ளைக்காரர் கடைக்கு வந்தால் நான் முழிக்காமல் கதைக்கிறேன் என்றால் அது அவர் தந்ததுதான். அதை நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அவருக்குப் புத்தகத்து வசனம் ஆகாது. அதெல்லாம் செத்த மீன் என்பார். உயிரோடு துடிக்கிற வசனம் வேண்டும். அதற்காக எங்கே வேண்டுமானாலும் போவார்.

எங்கள் தெருவில் ஒரு கிழவர் செத்தபோது மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தன் வெள்ளைக்கார மனைவிக்கு அப்பா அமைதியாகப் போய்விட்டார் என்று அழுதழுது சொன்னான். 'பாஸ்ட் அவே பீஸ்ஃபுலி.' சேர் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகம் வெளியே வந்தது. விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டி எழுதினார். பிறகு அந்தப் பொடியனின் தோளைத் தட்டி, பீஸ்ஃபுலி முதலில் வந்ததா கடைசியில் வந்ததா, ஒருக்கால் திருப்பிச் சொல்லும்படி கேட்டார். பொடியனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பிச் சொன்னான். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அவர் ஏதோ பத்திரிகைக்கு எழுதுகிறார் என்று நினைத்து விலகி இடம் விட்டார்கள்.

இன்னொரு நாள் மீன்பிடித் துறையில் ஐஸ் உடைக்கும் மெஷினில் ஒருவருடைய இரண்டு விரல் போய்விட்டது. அவர் என் கடைக்கு அடுத்த வீட்டுக்காரர். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனோம். சேரும் வந்தார், ஒறேஞ்சுப் பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு. கட்டிலில் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி கிடந்த மனிதரிடம், விரல் அப்படியே தனியாக விழுந்ததா, அல்லது துண்டு துண்டாகப் போனதா என்று கேட்டார். தனியாக விழுந்தால் 'கட் ஒஃப்', துண்டு துண்டானால் 'கட் அப்', பிழையாக எழுதிவிடக்கூடாதாம். அந்த மனிதரின் மனைவி சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றா. நான் வெளியே வந்து வேலியோரம் நின்று ஓங்காளித்தேன். அடுத்த திங்கட்கிழமைத் தாளில் முதல் வசனம் அந்த மெஷினும் இரண்டு விரலும்தான். அதற்கும் முப்பது பிரதி எடுத்துக் கொடுத்தது நான்தான், அதை மறைக்க மாட்டேன்.

யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து ஏழு பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். பிள்ளையையோ புருஷனையோ சகோதரனையோ பிடித்துக்கொண்டு போனபின் எங்கே என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தவர்கள். வெளிநாட்டிலிருந்து யார் யாரோ வந்து விசாரிப்பார்கள். இவர்கள் பத்து நிமிடம் அழுதழுது சொல்லுவார்கள், மொழிபெயர்க்கிறவர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். அதனால் தங்கள் வாயாலேயே இங்கிலிசில் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்து வந்திருந்தார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள்.

"காசு வேண்டாம். ஆளுக்குக் கிழமைக்கு மூண்டு வசனம் தாங்கோ. உங்கட வாழ்க்கையில நடந்தது. அது காணும்," என்றார் சேர்.

அன்றைக்கு அவரைப் பற்றி நான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று வெட்கப்பட்டேன். முதல் தடவையாக அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற கதை அது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த ஏழு பேரில் மலர் அக்கா கட்டைபறிச்சானிலிருந்து வருவார். சனிக்கிழமை முதல் பஸ்சைப் பிடித்து வந்து, வகுப்புத் தொடங்கும் மட்டும் என் கடையில் இருப்பார். மகனுக்குப் பத்தொன்பது வயது. சித்திரை வருடப்பிறப்புக்கு வாங்கிய புதுச் செருப்பு, ஒரு நாள்கூட வெளியே போட்டுப் போகவில்லை. அன்று காலையில்தான் போட எடுத்தான். ஒன்றை மாட்டி மற்றதை மாட்டுவதற்குள் வாசலில் வைத்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றச் செருப்பு படியில் கிடந்தது. அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அக்கா எந்நேரமும் கைப்பைக்குள் வைத்திருந்தார். மகன் வந்தால் காலுக்கு மற்றது வேண்டுமல்லவா தங்கச்சி என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். நான் மெஷினுக்குத் தாள் அடுக்கினேன்.

அக்கா முதல் கிழமை எழுதிக் கொடுத்த மூன்று வசனமும் அதைப் பற்றித்தான். என் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், 'டுக் அவே'. அவன் ஒரு புதுச் செருப்பை விட்டுவிட்டுப் போனான், 'லெஃப்ட் பிஹைண்ட்'. அதை நான் இன்னும் எறியவில்லை, 'த்ரோ அவே'. மூன்று வாலும் சரியாக விழுந்திருந்தன. தாள் கொடுக்க மேலே போயிருந்த நான் கதவடியில் நின்றேன். சேரின் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. நண்டு உறிஞ்சுகிற அந்தச் சத்தத்தோடு சிவப்புப் பேனையை எடுத்து, 'நியூ' என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டினார். மேலே 'வோன்-அவுட்' என்று எழுதினார்.

"சேர், அது புதுசு," என்றார் அக்கா.

"தெரியும் அக்கா. ஆனா ஸ்லிப்பரோட வோன்-அவுட்தான் வடிவாச் சேரும். புதுசு எண்டா வசனம் சப்பெண்டு கிடக்கும்."

"புதுசு எல்லோ சேர் அது. தேயேல்ல."

"நாங்கள் படிக்கிறது வசனம். செருப்புக் கடை போடவோ போறம்?"

வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் குனிந்து, வெட்டிய சொல்லுக்கு மேல் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டார். படியிறங்கி வந்து கடையில் இருந்தேன்.

திங்கட்கிழமைத் தாளின் முதலில் அந்தச் செருப்பு இருந்தது. தேய்ந்த செருப்பு. முப்பது பிரதி எடுத்தேன். மை சரியாகப் பிடிக்காத இரண்டை வெளியே போட்டேன். எங்கள் ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரியும் மான்கள் வந்து அவற்றை மென்று தின்றன. அதன்பிறகு கிழமைக்குக் கிழமை சனிக்கிழமைகளில் மேல்மாடியிலிருந்து ஏழு குரலும் சேர்ந்து அந்த வசனத்தைச் சொல்வது எனக்குக் கீழே கேட்கும். மற்ற வசனங்களில் சேர் இடைக்கிடை நிறுத்தித் திருத்துவார். இதை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை. கடைசியில் எனக்கே பாடமாகிவிட்டது.

நாலைந்து மாதத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. நகரத்தில் ஒரு மண்டபத்தில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் கேட்பார்கள் என்று சொன்னார்கள். படிவங்களைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று பெண்கள் கேட்டதால் கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். சேர் வரவில்லை. படகுக்காரருக்கு வகுப்பு இருக்கிறது, வசனத்தைப் பிழைக்க விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தா. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பொடியன். அந்த அம்மா கெட்டவ இல்லை. முதலில் போனவர் சாம்பல்தீவுக்காரர். அவருடைய புருஷனைக் கடலால் வந்து கரையேறிய இடத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். தன் பெயரைச் சொன்னார், புருஷனின் பெயரைச் சொன்னார், அதற்கு மேல் நாக்குப் புரளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தேய்ந்த செருப்பு ஒன்றை அவர் விட்டுவிட்டுப் போனார், நான் இன்னும் எறியவில்லை என்று இங்கிலிசில் கிடுகிடுவெனச் சொல்லி முடித்தார். அடுத்தவர் வெருகல் பக்கம். அவருடைய தம்பிக்கும் தேய்ந்த செருப்பு. அந்த அம்மா தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு முந்திய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தா.

மூன்றாவதாக மலர் அக்கா போனார். எழுந்து தடுப்போமா என்று நினைத்தேன். எதைச் சொல்லித் தடுப்பது? அக்கா கைப்பையைத் திறந்து பொலித்தீனைப் பிரித்து, செருப்பை மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, அத்தனை சனிக்கிழமையும் சொன்ன மாதிரியே சொன்னார். வோன்-அவுட் ஸ்லிப்பர்.

மேசையில் இருந்த செருப்பு கடையில் வாங்கின மாதிரியே இருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பொடியனிடம் ஏதோ கேட்டா.

"அம்மா, தேய்ஞ்ச செருப்பு எண்டு சொன்னீங்கள். இது புதுசா இருக்குதே," என்றான் பொடியன்.

"புதுசுதான் தம்பி. தேய்ஞ்சது எண்டு சேர்தான் எழுதித் தந்தவர்."

அவன் அதையும் மொழிபெயர்த்தான். ஒரு சொல்லையும் விடவில்லை. எத்தனையோ பேர் இரண்டு வரியில் முடித்த இடத்தில் இவன் மட்டும் முழுதாகச் சொன்னான். அந்த அம்மா பேனையின் மூடியைப் போட்டா. பொடியனின் பக்கம் சரிந்து மெல்லிய குரலில் 'மேட்-அப் ஸ்டோரி' என்றா. இட்டுக்கட்டிய கதை. அக்காவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, 'மேக் அப்' என்றால் இட்டுக்கட்டுவது என்று படிப்பித்தது சேர்தானே. ஏதாவது ஆதாரம் இருந்தால் கடிதத்தோடு அனுப்பலாம் என்று பொடியன் சொல்லி, செருப்பை அக்காவின் பக்கம் தள்ளி வைத்தான். மிச்சம் நாலு பேரையும் அந்த அம்மா கேட்டா, ஆனால் பேனையைத் திறக்கவில்லை.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றபோது சாம்பல்தீவு அக்காவிடம் கேட்டேன், கடலுக்கு வெறுங்காலோடு போகிற மனிதருக்கு ஏன் செருப்புச் சொன்னீர்கள் என்று.

"அது பிழையில்லாத வசனம் தங்கச்சி," என்றார். "என்ட வசனம் முழுக்கச் சேர் சிவப்பு மையால வெட்டிப்போட்டார். பிழையா ஒண்டைச் சொல்லி இவரைக் கண்டுபிடிக்காமல் விட்டிட்டால் எண்டு பயந்துபோனன்."

மலர் அக்கா மரத்தின் வேரில் குந்தியிருந்தார். செருப்பைப் பொலித்தீனில் சுற்றி, சுற்றினதைப் பிரித்துத் திரும்பவும் சுற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை சேர் வந்ததும் நடந்தது எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். கவலைப்படுகிறார் என்றே நினைத்தேன்.

"அவ சரியா என்ன சொன்னவ? அதே சொல்லில சொல்லுங்கோ," என்றார்.

"மேட்-அப் ஸ்டோரி எண்டவ."

"மேட்-அப். பாத்தியளோ? மேக் அப் எண்டது வினை. அதைத் திருப்பிப் பெயருக்கு முன்னால வைச்சால் பெயரடை. ஸ்டோரியோட எவ்வளவு வடிவாச் சேருது. இவ்வளவு காலமும் இதை நான் படிப்பிக்காமல் விட்டிட்டனே."

குறிப்புப் புத்தகம் வெளியே வந்தது. விரல் நாக்குக்குப் போனது. மலர் அக்கா எப்படி இருக்கிறார் என்று ஒரு சொல் கேட்கவில்லை. அருவருப்பு என்ற சொல்லை அதற்கு முன் எத்தனையோ தடவை பாவித்திருக்கிறேன். பல்லியைக் கண்டால், ஊத்தை வாளியைக் கண்டால் சொல்லுவேன். அது என்னவென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். இவ்வளவு நாளும் அந்த எச்சில் தாளைத் தொட்ட என் கையும் எனக்குக் கூசியது.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் சனிக்கிழமை மலர் அக்கா மட்டும் வந்தார். மேலே போகவில்லை, என் கடைக்கு. செருப்பின் அடிப்பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுக்க ஏலுமா என்று கேட்டார். கடிதத்தோடு அனுப்பப்போகிறாராம். அடியைப் பார்த்தால் அது தேயவில்லை, மகன் போட்டு நடக்கவேயில்லை என்று அவர்களுக்கு விளங்கும், தான் பொய் சொல்லவில்லை என்றும் விளங்கும். மெஷின் கண்ணாடியைத் துடைத்தேன். அந்தப் பழைய துணியால் அல்ல, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த புதுத் துவாயால்.

செருப்பைக் கண்ணாடியில் வைக்கும்போது சேர் படியிறங்கி வந்தார். கையில் புதுத் தாள். முதல் வரியில் 'மேட்-அப் ஸ்டோரி' இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

"அக்காவை வகுப்பில காணேல்ல. கடிதத்துக்கு ரெண்டு வரி நான் எழுதித் தரட்டோ?" என்றார்.

"வேண்டாம் சேர்," என்றார் அக்கா. "என்ட வசனத்தைத் திருப்பித் தாங்கோ. அது காணும்."

சேருக்கு விளங்கவில்லை. உண்மையிலேயே விளங்கவில்லை, அதுதான் அந்த மனிதர். கையிலிருந்த தாள் கட்டை, விரல் நனைத்து நனைத்துப் புரட்டி, அடியிலிருந்து பழைய தாள் ஒன்றை உருவி அக்காவிடம் நீட்டினார். இந்தாங்கோ, என்னிடம் நிறைய இருக்கிறது என்றார். முதல் வரியில் அந்தத் தேய்ந்த செருப்பு. அக்கா அதைக் கையில் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெட் அவுட்," என்றேன் நான்.

இத்தனை காலத்தில் அவருக்கு நான் என் சொந்த வாழ்க்கையிலிருந்து கொடுத்த ஒரே வசனம் அதுதான். சேர் கோபப்படவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போனவர் வாசற்படியில் நின்று, சட்டைப் பைக்குள் கையை விட்டு, விரலை நாக்கில் தொட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

செருப்பின் தடிப்புக்கு மெஷினின் மூடி மூடவில்லை. துவாயை மேலே போட்டு வெளிச்சம் போகாமல் பிடித்துக்கொண்டு பொத்தானை அமத்தினேன். தாள் சூடாக வந்தது. அடியின் கோடுகள் ஒன்றுவிடாமல் விழுந்திருந்தன. குதிக்காலில் அச்சடித்த எட்டு என்ற அளவுகூடத் தெளிவாக இருந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்டு காணும் தங்கச்சி," என்றார். "என்ட பிள்ளை ஒராள்தானே."